இடது கண்ணின் ஆறு

வருகிற திங்கட்கிழமை காலை சந்திரவதனாவின் இடது கண்ணிலும் கண்புரையை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு செவ்வாய் மாலை. அந்த மாலைக்குள் அவர் தீட்டிக்கொண்டிருந்த ஆற்றுப் படம் முடிய வேண்டும். முடியாவிட்டால் அது எப்போதுமே முடியாது.

ஏன் முடியாது என்று மகன் துஷாந்தனுக்கு விளங்கவில்லை.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு இன்னும் வடிவாத் தெரியும்தானே அம்மா. பிறகு ஆறுதலா இருந்து கீறுங்கோவன்."

"வடிவாத் தெரியும். அதுதான் பிரச்சினை" என்றார் சந்திரவதனா.

லண்டனில், ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சிறிய தெருவொன்றில் அவருடைய தையற்கடை இருக்கிறது. சாறி பிளவுஸ்தான் முக்கிய வேலை. கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் நூல் தெரிவு செய்ய அவர் வாசலுக்கு வெளியேதான் வருவார். சேலையின் ஒரு மடிப்பை இடது கையில் போட்டுக்கொண்டு, நூற்கட்டைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து, நடைபாதையில் நின்று பார்ப்பார். போகிறவர்கள் விலகிப் போவார்கள். லைற்றுக்குக் கீழே எல்லா நிறமும் பொய் சொல்லும் என்பது அவருடைய முடிவு. சேலையின் நிறத்திலேயே பிளவுஸ் அமைய வேண்டும், தோளில் எது சேலை எது பிளவுஸ் என்று தெரியக்கூடாது என்பது அவர் பழகிய தொழில். இப்போது வரும் மணப்பெண்கள் பச்சைச் சேலைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கொன்ட்ராஸ்ட் பிளவுஸ் கேட்கிறார்கள். தைத்துக் கொடுப்பார். ஆனால் "ரெண்டு பேர் சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லாமல் கொடுக்கமாட்டார்.

ஓவியத்துக்கு அவர் வந்ததும் துணி வழியாகத்தான். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒருநாள், சேலை கொடுக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக அருங்காட்சியகமொன்றில் நுழைந்தார். அங்கே இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் அறையில் ஒரு ஆற்றுப் படம். கிட்டே போய்ப் பார்த்தால் ஆறே இல்லை. ஊதாவும் பச்சையும் வெளிறிய செம்மஞ்சளுமாகத் துண்டு துண்டான பூச்சுகள் மட்டும்தான். நாலடி பின்னால் வந்தால் ஈரக் காற்று தெரிந்தது. பாலம் இருந்தது, ஆனால் பாலத்துக்கு விளிம்பு இல்லை. காற்று அதைக் கரைத்து வைத்திருந்தது. சந்திரவதனாவுக்கு இது புதிதாகப் படவில்லை. மயில்கழுத்துப் பட்டு அப்படித்தான். நெடுக்கில் நீல இழை, குறுக்கில் பச்சை இழை. கண்ணில் விழும் நிறமோ எந்த இழையிலும் இல்லை.

அன்றிலிருந்து தானாகவே படித்தார். கறுப்பு நிறத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். வெளிச்சமான பொருளின் பிம்பம் தண்ணீரில் ஒரு படி இருண்டும், இருண்ட பொருளின் பிம்பம் ஒரு படி வெளிறியும் விழும் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டார். தூரம் போகப் போக நிறம் குறைவதில்லை, காற்றின் நிறம் கூடுகிறது என்பது பிடிபட இரண்டு வருடம் எடுத்தது. செவ்வாய்க்கிழமையில் புதுத்துணி வெட்டக் கொடுக்க எங்கள் சனம் தயங்கும் என்பதால் அன்று கடைக்கு ஆள் வராது. ஆகவே செவ்வாய் ஆற்றுக்குரிய நாளானது. நூலகத்தில் நடந்த வரைதல் வகுப்பில் கிரிஜா துணையாகச் சேர்ந்தாள். சென்னைக்காரி, வங்கியொன்றில் ரிஸ்க் பிரிவில் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அவள் உண்மையில் எங்கிருந்து வேலை செய்கிறாள் என்பது சந்திரவதனாவுக்கு மட்டும் தெரியும்.

கண்ணில் கோளாறு என்பதைச் சொன்னவள் ஒரு மணப்பெண். லக்‌ஷிகா என்ற அந்தப் பிள்ளை தைத்த பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அன்ரி, சாறி நேவி புளூ. நூல் பிரவுண்."

சந்திரவதனா இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்தன. அன்றைக்கு நேரத்தோடு கடையைப் பூட்டினார்.

ஆவணி மாதம் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. மறுநாள் காலையில் முகம் கழுவும் தொட்டியைப் பார்த்துத் திகைத்தார். அவ்வளவு வெள்ளையை, அந்த வெள்ளைக்குள் அவ்வளவு நீலத்தை அவர் மறந்தே போயிருந்தார். நேராகப் போய்ச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படங்களைத் திருப்பினார். வலது கண்ணுக்கு எல்லாமே தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தது போல இருந்தன. இடது கண்ணுக்கு எப்போதும் போல மாலை வெயில் கரைந்த தேம்ஸ். லண்டன் காற்று என்று நினைத்துத் தீட்டியதில் பாதி, தன் கண்ணுக்குள் இருந்த மஞ்சள்.

"அப்ப அவ்வளவும் பொய்யா அம்மா?" என்று துஷாந்தன் விளையாட்டாகக் கேட்டான்.

"பொய் எண்டு சொல்ல ஏலாது. நான் பாத்தது அதுதான்."

முடியாமல் கிடந்த படம் அந்த வரிசையில் நல்லது. அவருடைய படங்களில் காற்று உண்மையில் நகர்வது அதில் மட்டும்தான். தேம்ஸ் கரையில், ரொதர்ஹைத்தில் ஆற்றுக்குள் இறங்கி, மேற்கே பார்த்து நின்று, பங்குனிக் கடைசியில் தொடங்கியது: எதிர்வெயிலில் கரையும் டவர் பிரிட்ஜ், மிதவையில் கட்டிய ஒரு சிறு படகு, வற்றிய ஆற்றின் ஈரச் சேறு. பிறகு சூரியன் வடக்கே நகர்ந்துவிட்டது. புரட்டாதியில்தான் மறுபடி அதே இடத்தில் விழும். கடலோடு சேர்ந்து நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் ஆறு அது; வற்றும் நேரமும் அந்த வெயிலும் ஒன்றாக அமைவதோ இரண்டு கிழமைக்கு ஒருதடவை. வானமும் சேற்றில் அது மினுங்கும் இடமும் மட்டும் மிச்சம். அதைப் புதுக்கண்ணால் தீட்டினால் வேறு சாயத்தொட்டியில் தோய்த்த துணியை நடுவில் ஒட்டுப்போட்டது போலாகிவிடும். அதனால்தான் அந்தச் செவ்வாய்.

அந்தச் செவ்வாயில் ஒரு பிழை நடந்தது. அது எங்கள் வீடுகளில் மட்டும் நடக்கக்கூடிய பிழை.

சந்திரவதனாவின் குசினியில் தொங்கும் கோயில் கலண்டரில் ராகு காலம் முதல் எல்லா நேரங்களும் குளிர்கால மணிப்படி அச்சாகியிருக்கும். பங்குனிக் கடைசியில் மணிக்கூட்டை முன்னே தள்ளினால், ஐப்பசிக் கடைசி வரும்வரை அதிலுள்ள எந்த நேரத்தையும் ஒரு மணித்தியாலம் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். ஆற்றின் வற்றுநேரத்துக்கு அவர் வாங்கும் சிறிய புத்தகமும் அப்படித்தான். வருடக்கணக்காகக் கூட்டிக் கூட்டி, கூட்டுவது இப்போது அவருக்குத் தெரியாமலே நடக்கும். இம்முறை, ஒரு கண் புதிதும் ஒரு கண் பழையதுமாகப் பொடி எழுத்து வாசிக்க ஏலாமல் இருந்ததால், துஷாந்தன் வற்றுநேரத்தைக் கைபேசியில் வரும்படி செய்துகொடுத்திருந்தான். அதில் பெரிய எழுத்தில் ஐந்து மணி என்று இருந்தது. சந்திரவதனா அதை ஆறு மணி என்று வாசித்தார். கைபேசி தானே கூட்டியிருந்தது.

செவ்வாய் மாலை இருவரும் ரொதர்ஹைத் படிக்கட்டின் மேலே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கிரிஜா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள்.

"இறங்கலாமாக்கா? வெயில் சூப்பரா இருக்கு."

"ராகு காலம் போகட்டும்."

"புதுசா ஆரம்பிச்சாத்தானே அதெல்லாம் பாக்கணும்? நீங்க முடிக்கத்தானே போறீங்க?"

"முடிக்கிறதுதான் பெரிய வேலை. அதுக்குத்தான் பாக்கோணும்."

"செவ்வாய்ன்னா மூணுலேர்ந்து நாலரை. எப்பவோ முடிஞ்சு போச்சே."

"ஒரு மணித்தியாலம் கூட்டும். இப்ப சமர் டைம்."

கிரிஜாவுக்குத் தேநீர் புரையேறியது. "ராகுவுக்குமா பிரிட்டிஷ் சமர் டைம்!"

"சிரியும், சிரியும். ஆறு மணிக்குத்தான் அடிவற்று. ஏழு மணி மட்டும் எங்களுக்கு நேரம் கிடக்கு."

கிரிஜா அதைச் சரிபார்க்கவில்லை. சந்திரவதனா அரை அங்குலம் பிசகித் தைத்ததையே அவள் பார்த்ததில்லை. அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஆறு தன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

இறங்கினார்கள். படிக்கட்டிலிருந்து மேற்கே கரைச்சுவர் ஓரமாக நடந்தால், பழைய பண்டகசாலை ஒன்றின் கல் அடித்தளம் ஆற்றுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிப் போனால் அப்பால் கூழாங்கல் நிறைந்த ஒரு சிறிய ஒதுக்கிடம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஆறு. படத்துக்குரிய இடம் அது. படம் தீட்டும் பலகையை எடுத்துவந்த பெட்டியைப் பாரமென்று படிக்கட்டின் கீழேயே வைத்துவிட்டு வந்தார்.

சந்திரவதனா தாங்கியை நிறுத்தி, பலகையைக் கிளிப் போட்டு மாட்டினார். கழுத்தில் எப்போதும் போல அளவு நாடா. பாலத்தின் உயரத்துக்கும் சேற்றின் அகலத்துக்கும் அதைத்தான் நீட்டிப் பார்ப்பார். பையிலிருந்து கறுப்பு லைனிங் துணியில் தைத்த ஒரு கண்மூடியை எடுத்து வலது கண்ணின்மேல் கட்டினார். ஆறு வலது பக்கம்தான் இருந்தது.

"கடற்கொள்ளைக்காரி மாதிரி இருக்கீங்க."

"கதைக்காமல் உம்மடை வேலையைப் பாரும்."

கிரிஜாவின் வேலை காதில் ஒலித்தது. காற்று இரையாத சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடியில் வரைதாளும் காதில் அலுவலகக் கூட்டமுமாக இருந்தாள்.

வெயில் சரிந்தது. இடது கண்ணுக்கு உலகம் பழையபடி தேனில் ஊறிக் கிடந்தது. சந்திரவதனா முதலில் வானத்தைப் பிடித்தார். பாலத்துக்குப் பின்னால் அது மஞ்சளில்லை, மஞ்சளுக்குள் ஒரு சாம்பல் ரோசா. கலந்தார், துடைத்தார், மறுபடி கலந்தார். நாலாவது தடவை நிறம் வந்தது. ஈரத்தின்மேல் ஈரமாக, அழுத்தாமல் வைத்தார். கோபுரங்களின் விளிம்பு தானாகவே கரைந்தது. மூச்சை விட்டார்.

இனிச் சேற்றின் மினுக்கம். ஆனால் சேற்றுப் பட்டை ஒடுங்கியிருந்தது. பங்குனியில் தான் அகலமாகப் போட்டுவிட்டோம் என்று எண்ணி நாடாவை நீட்டிப் பார்த்தார். மறுபடி நீட்டினார். இரண்டாவது தடவை அது இன்னும் ஒடுங்கியிருந்தது.

"அக்கா," என்றாள் கிரிஜா பின்னாலிருந்து, "தண்ணி கிட்ட வர்ற மாதிரி இல்ல?"

"கப்பல் போனது. அந்த அலை."

"கப்பல் போய் ரொம்ப நேரமாச்சே."

"ஆறு மணி மட்டும் வத்தும் எண்டு சொன்னனான். என்னைக் கலைக்காதையும், இப்பதான் நிறம் பிடிபடுகுது."

கிரிஜா மறுபடி கூட்டத்துக்குத் திரும்பினாள். சந்திரவதனா தூரிகையில் அந்தச் சாம்பல் ரோசாவை எடுத்து, ஒரு படி இருட்டாக்கி, சேற்றில் முதல் பூச்சை வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. அடுத்ததை எங்கே வைப்பது என்று பார்க்கப் படகை நோக்கினார். படகின் அடியில்தான் மினுக்கம் முடியும்.

படகு பிழையாக நின்றது.

படத்தில் படகின் பின்பக்கம் இருந்தது. மிதவையில் ஒரே கயிற்றில் கட்டிய படகு நீரோட்டத்தை எதிர்த்துத்தான் மூக்கை வைத்திருக்கும். ஆறு கடலுக்கு வற்றிக்கொண்டிருந்தபோது அது பாலத்தைப் பார்த்து நின்றது. இப்போது அதன் மூக்கு நேராகச் சந்திரவதனாவைப் பார்த்தது. எரிச்சலோடு ஒரு கணம் பார்த்தார். நல்ல நேரத்தில் திரும்பி நிற்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தூரிகை கையில் அசையாமல் நின்றது.

படகு சும்மா திரும்பாது. ஆறு திரும்பியிருக்கிறது.

கண்மூடியைப் பிடுங்கினார். வலது பக்கத்தில், கூழாங்கல் இருக்க வேண்டிய இடத்தில், வெளிறிய நீலத் தண்ணீர் சத்தமில்லாமல் அகன்று கிடந்தது. தாங்கியின் ஒரு கால் ஏற்கெனவே நீருக்குள்.

"கிரிஜா! படிக்கட்டைப் பாரும்!"

கிரிஜா ஓடிப்போய்க் கல் அடித்தளத்தின் முனையில் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "அந்தப் பக்கம் இடுப்பளவு இருக்கு. இழுக்குது. போக முடியாது."

"அப்ப ஏணி."

கரைச்சுவரில் ஆபத்துக்காகப் பதித்த இரும்பு ஏணி ஒன்று உண்டு. பச்சைப் பாசி படிந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது; ஏணியடியில் முழங்கால். அந்தக் குளிர் எலும்பைப் பிடித்தது. கிரிஜா முதலில் ஏறினாள். வழுக்கி, பிடித்து, சுவருக்கு மேல் புரண்டு விழுந்தாள். உடனே குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

கீழே சந்திரவதனா ஒரு கையில் ஏணியும் மறு கையில் பலகையுமாக நின்றார். தாங்கியும் நிறப்பெட்டியும் பின்னால் சரிந்து மிதந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தாரும், படத்தைப் பிடியும்!"

"கையைக் குடுங்கக்கா!"

"முதல் படம். ஈரம், ஓரத்தைப் பிடியும்!"

"நான் படத்தைப் பிடிச்சா உங்கள யாரு பிடிக்கிறது? அத விடுங்க!"

"விடமாட்டன்."

"அக்கா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு! விட்டுட்டு ஏறுங்க!"

"திங்கக்கிழமைக்குப் பிறகு இதை நான் எங்கை போய்ப் பாக்கிறது?" அலையொன்று வந்து தொடையில் அடித்தது. பலகை கையில் ஆடியது. "எங்கை போய்ப் பாக்கிறது, சொல்லும்!"

கிரிஜா நீட்டிய கையை எடுக்கவில்லை. "நான் படத்தைத் தொடமாட்டேன்" என்றாள் கடைசியில், அழுகையும் கோபமுமாக. "நீங்க ஏறினா அது ஏறும்."

சந்திரவதனா ஒருகணம் அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, கழுத்திலிருந்த அளவு நாடாவைப் பல்லால் பிடித்து, பலகையின் கிளிப்புக்குள்ளால் விட்டு இழுத்து, கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஊசியில் நூல் கோத்து வாழ்ந்த விரல்கள். குளிரில் மரத்துப்போயும் முடிச்சு விழுந்தது. பலகை முதுகில் தொங்கியது, ஈரப்பக்கம் வெளியே. இரண்டு கைகளும் கிடைத்தன. ஏறினார். ஒரு படி வழுக்கியது. தொங்கினார். மறுபடி கால் வைத்தார். கையெட்டும் தூரத்துக்கு வந்ததும் கிரிஜா அவருடைய குளிர் ஜாக்கெட்டைக் கழுத்தோடு பிடித்து, எதையும் பார்க்காமல், தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள்.

முதுகிலிருந்து முன்னே சுழன்ற பலகை சுவரின் விளிம்பில் உரசிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

நடைபாதையில் கிடந்தபடியே சிறிது நேரம் மூச்சு வாங்கினார்கள். கிரிஜாதான் முதலில் எழுந்து நாடாவை அவிழ்த்தாள். பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

வானம் போயிருந்தது. கல்விளிம்பு அதை மேலிருந்து கோபுரங்கள் வரை வழித்தெடுத்துவிட்டது. வெறும் பலகை தெரிந்தது. கீழே ஆறு இருந்தது, படகு இருந்தது, அன்றைக்குப் பிடித்த சாம்பல் ரோசா சேற்றில் மூன்று பூச்சாக மினுங்கியது.

"நான்தான்... நான்தான் இழுத்துட்டேன்..."

"இழுக்காட்டி நான் அங்கை கீழைதான்" என்றார் சந்திரவதனா. பற்கள் கிட்டித்தன. மேற்கே உண்மையான வானம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நிறப்பெட்டி ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. இடது கண்ணை மட்டும் திறந்து அந்த வானத்தைப் பார்த்தார். அது முழுதாக அணையும்வரை பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துப் பெரிய எழுத்தை மறுபடி வாசித்தார்.

"ஐஞ்சு" என்றார் மெல்ல. "ஐஞ்சைத்தான் நான் ஆறாக்கினனான்."

விளங்க கிரிஜாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், நனைந்து நடுங்கிக்கொண்டே சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ராகு தண்ணிக்குள்ளயும் வந்துட்டாரா!"

"நீர் ஒண்டும் சிரிக்க வேண்டாம். ரிஸ்க் பாக்கிறதுதானே உம்மடை உத்தியோகம்? என்னத்தைப் பாத்தனீர்?"

"நீங்க சொன்னா அது ரிஸ்க்குன்னு நான் நெனைக்கலையே" என்றாள் கிரிஜா. பிறகு தன் சால்வையை எடுத்து அவருடைய தோளில் போட்டாள்.

திங்கட்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. இடது கண்ணுக்கும் இப்போது வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிகிறது. சந்திரவதனா கடையைத் திறந்து, லக்‌ஷிகாவின் நேவி புளூ பிளவுஸைப் பிரித்து, சரியான நூலால் தைத்துக் கொடுத்தார்.

படம் தையல் மேசைக்கு எதிரே சாய்ந்து நின்றது. வானம் இல்லாத ஆறு. இரண்டு புதுக்கண்களுக்கும் அந்த ஆறு தேயிலைச் சாயம்தான். அதனோடு பொருந்தும் வானமொன்றைக் கலந்துவிட அவரால் முடியும்; நூலை நிறத்தோடு பொருத்துவது கைவந்த வேலை. ஒருநாள் கடைக்குப் பின்னால் இருந்து கலந்தும் பார்த்தார். நிறம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் காற்று நகரவில்லை. துடைத்துவிட்டார்.

அடுத்த தடவை ஆறும் வெயிலும் ஒன்றுசேர்ந்த செவ்வாயில் இருவரும் மறுபடி ரொதர்ஹைத்துக்குப் போனார்கள். இந்தமுறை கீழே இறங்கவில்லை. படிக்கட்டின் மேலே நின்றார்கள். வற்றுநேரத்தைக் கிரிஜா வாசித்தாள், சத்தமாக, இரண்டு தடவை. "கூட்டாதீங்க" என்று சேர்த்துச் சொன்னாள்.

சந்திரவதனா பழைய பலகையையே கொண்டுவந்திருந்தார். கண்ணில் எதையும் கட்டவில்லை. பாலத்துக்குப் பின்னால் வானம் குளிர்ந்திருந்தது. வெளிறிய நீலமும் அதற்குள் எலுமிச்சை நிறத்தில் ஒரு கீற்றும். கண்ணில் தெரிந்தபடியே கலந்தார். கோபுரத்தின் விளிம்பில் ஈரத்தோடு வைத்தார். வெறும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. மேலே புதிய வானம், கீழே பழைய ஆறு. இரண்டுக்கும் நடுவில் பாலம் எதோடு கரைவதென்று தெரியாமல் நின்றது. அதை அவர் தொடவில்லை.

தூரிகையை வைத்தபோது கிரிஜா பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

"அக்கா, சேலைக்கும் பிளவுஸுக்கும் மேட்ச் ஆகலையே?"

சந்திரவதனா நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், ஆகேல்லை" என்றார். "இப்ப எல்லாரும் கொன்ட்ராஸ்ட்தானே கேக்கினம்."